ரெப்பிளில் உங்கள் சொந்தக் கைக்கருவிகள் என்னென்ன? (காமன் லிஸ்ப், எஸ்பிசிஎல்)

வினைத்தொகை:

வணக்கம். ஓராண்டாகக் காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழியில் எழுதி வருகிறேன். எஸ்பிசிஎல் கம்பைலர், ஈமேக்ஸ் எடிட்டர், இரண்டையும் இணைக்கும் ஸ்லைம் என்று எல்லாரும் வைத்திருப்பதைத்தான் நானும் வைத்திருக்கிறேன். என் ஆய்வுக்காகத் தமிழ் வினைச்சொற்களைப் பிரிக்கும் நிரல் ஒன்றைக் கட்டுகிறேன். "வந்தான்" என்று கொடுத்தால் "வா", இறந்தகாலம், ஆண்பால், ஒருமை என்று பிரித்துத் தரவேண்டும். ஒவ்வொரு வினையும் ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது பல ஸ்லாட்டுகள் கொண்ட ஒரு பதிவு. எல்லாம் ஒரு பெரிய ஹாஷ் டேபிளில் (கீயைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் அட்டவணை) இருக்கின்றன, சொல்தான் கீ.

நிரல் நடக்கிறது. ரெப்பிளில், அதாவது ஒரு வரி அடித்ததும் உடனே விடை தரும் ஜன்னலில், உட்கார்ந்து வேலை செய்வதுதான் அலுப்பாக இருக்கிறது. ஹாஷ் டேபிளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் மேப்ஹாஷும் லாம்டாவும் அடிக்கிறேன். டேபிளின் பெயரை மட்டும் அடித்தால் வகையையும் எண்ணிக்கையையும் ஒரே வரியில் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. பட்டியல் ஒன்றைக் கேட்டாலோ மொத்தத்தையும் கொட்டி ஈமேக்ஸைத் திணற வைக்கிறது. ஒரு ஃபங்ஷனுக்குள் என்ன மதிப்பு வந்தது என்று பார்க்க நடுவில் பிரிண்ட் எழுதுகிறேன், கம்பைல் செய்கிறேன், பார்க்கிறேன், அழிக்கிறேன், மறுபடி கம்பைல்.

அனுபவம் உள்ளவர்கள் இதற்கெல்லாம் சொந்தமாகச் சின்னச் சின்னக் கருவிகள் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். லிஸ்ப் தொடங்கும்போதே ஓடும் உங்கள் இனிட் கோப்பில் என்ன இருக்கிறது? அந்தக் கருவிகளை எங்கே வைக்கிறீர்கள்? சிஎல்-யூசர் என்ற தொடக்கப் பேக்கேஜில் (பேக்கேஜ் என்பது பெயர்களைப் பிரித்து வைக்கும் இடம்) எழுதி வைத்தால், என் ப்ராஜெக்ட் பேக்கேஜுக்குள் போனதும் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. அலெக்சாண்ட்ரியா மாதிரி ஒரு லைப்ரரியைச் சேர்த்துக்கொண்டால் போதுமா, அல்லது நானே எழுத வேண்டுமா?

அடைப்புக்குறி:

வணக்கம் வினைத்தொகை. நீங்களே எழுதுங்கள். ஈரோட்டில் எங்கள் நெசவு நூல் கடையின் பில், ஸ்டாக், பாக்கிக் கணக்கு எல்லாம் எஸ்பிசிஎல்லில்தான் ஓடுகிறது. எழுதியதும் நான்தான், பார்த்துக்கொள்வதும் நான்தான். அதனால் ரெப்பிளில்தான் என் பாதி நாள் போகிறது. இந்தக் கேள்விக்கு நிறைய எழுத ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அலெக்சாண்ட்ரியா. நல்ல லைப்ரரி, என் நிரலுக்குள்ளும் பயன்படுத்துகிறேன். அதிலுள்ள ஹாஷ்-டேபிள்-ஏலிஸ்ட் டேபிளைப் பட்டியலாக்கித் தரும், உங்கள் மேப்ஹாஷ் அலுப்பு அங்கேயே பாதி தீரும். ஆனால் அது நிரலுக்குள் எழுதுவதற்கான லைப்ரரி. ரெப்பிளில் உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டியது வேறு. உங்கள் கை எதைத் திரும்பத் திரும்ப அடிக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். இன்னொருவரின் கருவிப்பெட்டியை அப்படியே வாங்கி வைத்தால் அதில் எது எங்கே இருக்கிறது என்று நினைவு வைத்திருப்பதே ஒரு வேலையாகிவிடும்.

அடுத்தது எங்கே வைப்பது என்பது. இதைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். சிஎல்-யூசர் வேண்டாம், காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ப்ராஜெக்ட் பேக்கேஜுக்குள் இம்போர்ட் செய்வதும் வேண்டாம், ஒருநாள் பெயர்கள் மோதிக்கொள்ளும். சிலர் காமன் லிஸ்ப் பேக்கேஜுக்குள்ளேயே நுழைக்கப் பார்ப்பார்கள். எஸ்பிசிஎல் அதைப் பூட்டி வைத்திருக்கிறது, பேக்கேஜ் லாக் பிழை வரும். பூட்டைத் திறக்க வழி உண்டு, திறக்காதீர்கள். கருவிகளுக்கென்று தனியாக ஒரு பேக்கேஜ், மிகச் சின்னப் பெயரில். எந்தப் பேக்கேஜுக்குள் நின்றாலும் பெயரும் முக்காற்புள்ளியும் போட்டுக் கூப்பிடலாம்.

என் பேக்கேஜின் பெயர் "கை". ஆமாம், தமிழிலேயே. எஸ்பிசிஎல் யூனிகோடு சிம்பல்களை முழுமையாக ஏற்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது என்பதால், ரீடர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கும் வழக்கமும் நம் பெயர்களைத் தொடாது. ரெப்பிளில் இப்படித்தான் அடிப்பேன்:

(கை:காட்டு பில்கள்)

(கை:பிடி :பழைய-பாக்கி வரிசை)

(கை:தேடு "பாக்கி")

இதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், நிரலில் மறந்து விட்டுவைத்த கருவியைக் கண்டுபிடிப்பது. கமிட் செய்வதற்கு முன் "கை:" என்று கோப்புகளில் ஒரு தேடல். ஒன்றும் வரவில்லை என்றால் சுத்தம். இதற்காகவே கருவிகளை ப்ராஜெக்டுக்குள் யூஸ் செய்யாமல் எப்போதும் முழுப் பெயரோடுதான் கூப்பிடுவேன்.

கோப்பு ஒன்றே ஒன்றுதான், வீட்டு டைரக்டரியில். இனிட் கோப்பில் அதை லோட் செய்ய ஒரு வரி. எஸ்பிசிஎல் சோர்ஸ் கோப்பை லோட் செய்தாலும் ஒவ்வொரு ஃபார்மையும் கம்பைல் செய்துதான் ஓட்டும் என்பதால் தனியாகக் கம்பைல் செய்ய வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை.

இனிக் கருவிகள். கோடை ஒட்டவில்லை. ஒவ்வொன்றும் பத்து வரிதான், நீங்களே எழுதினால்தான் கையோடு ஒட்டும். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

"காட்டு" என்பதுதான் நான் அதிகம் தொடுவது. எந்த எக்ஸ்ப்ரெஷனைச் சுற்றிப் போட்டாலும் அந்த எக்ஸ்ப்ரெஷனையும் அதன் மதிப்பையும் அச்சிட்டுவிட்டு மதிப்பை அப்படியே திருப்பிக் கொடுக்கும். ஹாஷ் டேபிள் என்றால் முதல் பத்து ஜோடிகள். ஸ்ட்ரக்ட் என்றால் ஸ்லாட்டுகள். இந்த "அப்படியே" என்ற இடத்தில்தான் கவனம் வேண்டும். கெட்ஹாஷ் இரண்டு மதிப்புகளைத் தருகிறது, கிடைத்த மதிப்பு ஒன்று, கீ இருந்ததா இல்லையா என்பது இன்னொன்று. "காட்டு" ஒரு ஃபங்ஷனாக இருந்தால் ஆர்குமெண்டாகப் போகும்போது முதல் மதிப்பு மட்டுமே உள்ளே போகும், இரண்டாவது அங்கேயே தொலைந்துவிடும். அதைப் பார்த்து முடிவெடுக்கும் உங்கள் நிரல், கருவியைப் போட்டதும் வேறு மாதிரி நடக்கும். பார்ப்பதற்காகப் போட்ட கருவி நடப்பையே மாற்றினால் நீங்கள் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அதனால் மேக்ரோவாக எழுதுங்கள், அது மதிப்பை அல்ல, எழுதிய எக்ஸ்ப்ரெஷனையே வாங்கும். மல்டிபிள்-வேல்யூ-லிஸ்டால் எல்லா மதிப்புகளையும் பிடித்து, அச்சிட்டு, வேல்யூஸ்-லிஸ்டால் திருப்பிக் கொடுங்கள். எக்ஸ்ப்ரெஷனின் உருவத்தையும் அச்சிட மேக்ரோதான் வேண்டும் என்பதால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அச்சிடுவது ஸ்டாண்டர்ட்-அவுட்புட்டில் (நிரலின் வழக்கமான வெளியீடு) வேண்டாம், ட்ரேஸ்-அவுட்புட்டில் (டிபக் செய்திகளுக்கானது) இருக்கட்டும். எங்கள் பில் அச்சாகும் ஃபங்ஷன் ஸ்டாண்டர்ட்-அவுட்புட்டைத் திருப்பி ஒரு ஸ்ட்ரிங்கில் சேர்க்கிறது. அதன் நடுவில் "காட்டு" போட்டு அது ஸ்டாண்டர்ட்-அவுட்புட்டில் எழுதினால், 40-ஆம் நம்பர் கோன் மூட்டை விலைக்குப் பக்கத்தில் என் டிபக் வரியும் பில்லில் ஏறிவிடும்.

பட்டியல் கொட்டுவதற்கு மருந்து, எத்தனை உறுப்புகள், எத்தனை அடுக்குகள் வரை அச்சிடலாம் என்று சொல்லும் ப்ரிண்ட்-லெங்த், ப்ரிண்ட்-லெவல் என்ற இரண்டு மாறிகள். இவற்றை இனிட் கோப்பில் ஒரேயடியாக 20 என்று வைத்துவிடும்படி பலர் சொல்வார்கள். வைக்காதீர்கள். அந்த மாறிகள் திரைக்கு மட்டுமானவை அல்ல. உங்கள் வினைப் பட்டியலை ஒரு கோப்பில் ப்ரின்1 கொண்டு எழுதிச் சேமித்தால் அங்கும் 20-க்குப் பிறகு மூன்று புள்ளிகளோடு வெட்டிவிடும். திரும்பப் படிக்கும்போதுதான் தெரியவரும். "காட்டு" மேக்ரோவுக்குள் ஒரு லெட் போட்டு அங்கே மட்டும் மாற்றுங்கள். கோப்பில் எழுதும் இடங்களில், இந்த மாறிகளை இயல்பு நிலைக்குக் கொண்டுவரும் வித்-ஸ்டாண்டர்ட்-ஐஓ-சிண்டாக்ஸ் போடும் பழக்கம் இருந்தால் இன்னும் நிம்மதி.

"பிடி" என்பது ஃபங்ஷனுக்குள் வந்த மதிப்பை ரெப்பிளுக்குக் கொண்டுவர. ரெப்பிளில் கடைசி மூன்று விடைகள் *, **, *** என்ற மாறிகளில் இருக்கும். நாலாவது விடை வந்தால் முதலாவது போய்விடும். மேலும் அவை ரெப்பிளில் வந்த விடைகள் மட்டுமே, உள்ளே நடந்தவை கிடைக்காது. "பிடி" ஒரு கீவேர்டையும் மதிப்பையும் வாங்கி ஒரு ஹாஷ் டேபிளில் வைத்துவிட்டு மதிப்பைத் திருப்பிக் கொடுக்கும். அப்புறம் ரெப்பிளில் (கை:எடு :பழைய-பாக்கி) என்று எடுத்து நிதானமாக விளையாடலாம். பிரிண்ட்டை விட இது எவ்வளவோ மேல். பிரிண்ட்டில் கிடைப்பது எழுத்து, இதில் கிடைப்பது பொருளே.

ஆனால் பொருளே கிடைப்பதால் ஒன்று கவனிக்க வேண்டும். "பிடி" நகல் எடுப்பதில்லை. பிடித்த பிறகு நிரல் அந்த ஸ்ட்ரக்டை மாற்றினால் நீங்கள் பார்ப்பது மாறிய நிலையைத்தான். அந்தக் கணத்து நிலை வேண்டுமென்றால் காப்பி-ஸ்ட்ரக்சர் போட்டுப் பிடிக்க வேண்டும். அதுவும் மேல்மட்ட நகல்தான், ஸ்லாட்டில் இருக்கும் பட்டியலின் உள்ளே கை வைத்தால் இரண்டிலும் தெரியும். இன்னொன்று, பிடித்து வைத்ததை, நினைவகத்தைச் சுத்தம் செய்யும் கார்பேஜ் கலெக்டர் எடுக்காது. பெரிய டேபிள்களைப் பிடித்து வைத்திருந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட "விடு" என்று ஒரு ஃபங்ஷனும் எழுதிக்கொள்ளுங்கள், ஒரே வரி.

"தேடு" பற்றிச் சுருக்கமாக. பெயரின் ஒரு பகுதியைக் கொண்டு தேடும் அப்ரபோஸ் எல்லாப் பேக்கேஜிலும் தேடிக் குவிக்கும். என்னுடையது என் ப்ராஜெக்ட் பேக்கேஜ்களில் மட்டும் தேடி, பெயரோடு டாக்ஸ்ட்ரிங்கின் (ஃபங்ஷனோடு எழுதும் விளக்கம்) முதல் வரியையும் காட்டும். டூ-சிம்பல்ஸும் டாக்குமெண்டேஷனும் போதும்.

இனிட் கோப்பில் நான் வைத்திருக்கும் இன்னொரு முக்கியமான வரி, ரெஸ்ட்ரிக்ட்-கம்பைலர்-பாலிசி கொண்டு டிபக் அளவைக் குறைந்தது 3 ஆக்குவது. எஸ்பிசிஎல்லுக்கே உரிய வசதி இது. சாதாரண அளவில் பிழை வந்து டிபக்கர் திறக்கும்போது சில உள்மாறிகள் கம்பைலரால் நீக்கப்பட்டிருக்கும், கேட்டால் கிடைக்காது. 3 என்று வைத்தால் டிபக்கரில் ஒரு ஃப்ரேமில் (நடந்துகொண்டிருந்த ஒரு ஃபங்ஷன் அழைப்பு) நின்று "டி" (t) தட்டினால் மாறிகள் தெரியும், "ஈ" தட்டினால் அந்த ஃப்ரேமுக்குள்ளேயே எக்ஸ்ப்ரெஷன் ஓட்டலாம், "ஆர்" தட்டினால் அந்த ஃபங்ஷன் அழைப்பே மறுபடி முதலிலிருந்து ஓடும். பிழையைத் திருத்தி, கண்ட்ரோல்-சி கண்ட்ரோல்-சி தட்டிக் கம்பைல் செய்து, உடனே "ஆர்". மேலே ஓடிக்கொண்டிருந்த ஒரு மணி நேர வேலை தொலையாது. வேகம் கொஞ்சம் குறையும். மேசையில் உட்கார்ந்து எழுதும்போது எனக்கு அது பொருட்டே இல்லை.

கடைசியாக, வாரம் ஒருமுறையாவது ப்ராஜெக்டை இனிட் கோப்பே இல்லாமல் லோட் செய்து பாருங்கள். எஸ்பிசிஎல்லை நோ-யூசர்இனிட் என்ற தேர்வோடு தொடங்கினால் போதும். லைப்ரரிகளைக் கொண்டுவரும் க்விக்லிஸ்ப்பைத் தொடங்கும் வரியும் அந்த இனிட் கோப்பில்தான் இருக்கும் என்பதால் அதன் செட்டப் கோப்பை மட்டும் கையால் லோட் செய்யவேண்டும். உங்கள் கருவி எங்காவது நிரலுக்குள் தங்கியிருந்தால் "கை என்ற பேக்கேஜ் இல்லை" என்று படிக்கும்போதே நின்றுவிடும். தனிப் பேக்கேஜில் வைத்ததன் பலன் இங்கேயும் கிடைக்கும்.

ஈமேக்ஸ்வாசி:

அடைப்புக்குறி சொன்னது எல்லாம் சரி. ஈமேக்ஸ் பக்கம் பாதி வேலை இருக்கிறது, அதைச் சேர்க்கிறேன்.

தமிழ்ப் பெயர் வைத்தால் அடிக்க நேரம் ஆகுமே என்று தோன்றலாம். ஈமேக்ஸுக்குள்ளேயே தமிழ் இன்புட் மெத்தட் உண்டு, கண்ட்ரோல்-பேக்ஸ்லாஷ் தட்டினால் மாறும். ஆனால் கருவிகளை நான் அடிப்பதே இல்லை. கர்சருக்குப் பக்கத்திலுள்ள எக்ஸ்ப்ரெஷனைச் சுற்றி "காட்டு" போட ஒரு சாவி, எடுக்க ஒரு சாவி. ஈமேக்ஸ் லிஸ்பில் ஆறேழு வரி. ஃபார்வர்ட்-செக்ஸ்ப்பால் முடிவு எங்கே என்று கண்டுபிடித்து, முன்னும் பின்னும் எழுத்தைச் செருகினால் முடிந்தது. போட்டதும் கண்ட்ரோல்-சி கண்ட்ரோல்-சி. அந்த ஃபங்ஷன் மட்டும் கம்பைலாகும், மற்றதெல்லாம் இருந்தபடி இருக்கும்.

நான் விட முடியாத சாவி எஃப்5. ஒரு எக்ஸ்ப்ரெஷனை "இன்றைய சோதனை" என்று குறித்து வைத்துவிடுவேன். எங்கே நின்று எஃப்5 தட்டினாலும் அது ஓடி விடை மினிபஃபரில் வரும். ஸ்லைம்-இண்டராக்டிவ்-ஈவால் என்ற ஃபங்ஷனுக்கு ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால் போதும். உங்களுக்கென்றால் "வந்தான்" என்பதைப் பிரிக்கும் அழைப்பை அன்றைய சோதனையாக வைக்கலாம். விதியை மாற்று, கம்பைல், எஃப்5. ரெப்பிள் ஜன்னலுக்குப் போய் வர வேண்டியதில்லை.

குளோபல் மாறிகளை அறிவிக்கும் டெஃப்வார் பற்றியும் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருபவர்கள் மணிக்கணக்கில் குழம்பும் இடம். ஏற்கெனவே மதிப்புள்ள மாறியை டெஃப்வார் மறுபடி தொடாது, மொழியின் விதியே அதுதான். கோப்பில் மதிப்பை மாற்றி கண்ட்ரோல்-சி கண்ட்ரோல்-சி தட்டினாலும் பழைய மதிப்புதான் இருக்கும். அந்த டெஃப்வார் மேல் நின்று கண்ட்ரோல்-மெட்டா-எக்ஸ் தட்டினால் ஸ்லைம் புதிய மதிப்பை வைத்துவிடும். இதற்கென்று தனியாகக் கருவி எழுத வேண்டாம்.

பழைய_இயந்திரம்:

இந்த இழையைப் படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. நீங்கள் மூவரும் பேசுவது லிஸ்ப் உலகில் அறுபதுகளிலிருந்து தொடர்ந்து வரும் ஓர் எண்ணம். வாரன் டீட்டல்மன் 1966-இல் எம்ஐடியில் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வு, பைலட் என்ற அமைப்பைப் பற்றியது. ஒரு ஃபங்ஷனின் உள்ளே கை வைக்காமல் அதன் வாசலில் நின்று, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்க்கலாம், மாற்றலாம் என்ற அட்வைஸ் முறை அங்கிருந்துதான் வந்தது. ஈமேக்ஸில் இன்றும் அதே பெயரில் இருக்கிறது. பின்னால் பிபிஎன், ஜெராக்ஸ் பார்க் ஆகிய ஆய்வு இடங்களில் வளர்ந்த இண்டர்லிஸ்ப்பில் இது முழு அமைப்பாகவே ஆனது. நீங்கள் அடித்த ஒவ்வொரு வரியும் வரலாற்றில் இருக்கும், ரீடூ என்றால் மறுபடி ஓடும், அன்டூ என்றால் அதன் விளைவே திரும்பும், எழுத்துப் பிழையை அது தானே திருத்திக் கேட்கும். 1992-இல் இண்டர்லிஸ்ப் குழுவுக்கு ஏசிஎம் என்ற கணினித் துறைச் சங்கத்தின் சாஃப்ட்வேர் சிஸ்டம் விருது கிடைத்தது. அதன் மெட்லி பதிப்பு இன்று ஓப்பன் சோர்ஸாகக் கிடைக்கிறது, ஒரு மாலை ஒதுக்கி ஓட்டிப் பாருங்கள். காமன் லிஸ்ப் ரெப்பிளின் *, **, *** மாறிகளை மட்டும் பார்த்தவர்களுக்கு ரெப்பிள் எவ்வளவு தூரம் போகலாம் என்பது அங்கே தெரியும்.

வினைத்தொகைக்கு நடைமுறையில் என் பரிந்துரை: சோர்ஸுக்குள் எதையும் செருகுவதற்கு முன், ஃபங்ஷன் அழைப்புகளைக் காட்டும் ட்ரேஸை முழுதாகப் பயன்படுத்துங்கள். பலர் பெயரை மட்டும் கொடுத்து ட்ரேஸ் போட்டு, திரை நிறைந்ததும் கைவிட்டுவிடுகிறார்கள். எஸ்பிசிஎல் ட்ரேஸுக்கு நிபந்தனை கொடுக்கலாம். கண்டிஷன் என்ற கீவேர்டுக்குப் பின் ஒரு எக்ஸ்ப்ரெஷன். அதற்குள் எஸ்பி-டிபக் பேக்கேஜின் ஆர்க் என்பதைக் கொண்டு எத்தனையாவது ஆர்குமெண்ட் என்று கேட்டு வாங்கலாம், எண்ணிக்கை 0-இலிருந்து. முதல் ஆர்குமெண்ட் "வா" என்று இருக்கும்போது மட்டும் காட்டு என்று சொன்னால், பல்லாயிரம் அழைப்புகளில் உங்களுக்கு வேண்டியது மட்டும் வரும். ப்ரேக் என்ற கீவேர்டுக்கும் அதே நிபந்தனை கொடுத்தால் அந்த இடத்தில் டிபக்கர் திறந்து நிற்கும். உங்கள் நிரலின் ஓர் எழுத்தும் மாறாது. இன்லைன் ஆன (அழைத்த இடத்திலேயே உள்ளடங்கிய) ஃபங்ஷன்களை மட்டும் ட்ரேஸ் பிடிக்காது. இந்த நிபந்தனை ட்ரேஸை அடிக்கடி அடிக்கிறீர்கள் என்றால், அடைப்புக்குறியின் வழியில் அதையே ஒரு மேக்ரோவாக்கி உங்கள் கருவிப்பெட்டியில் சேர்த்துவிடுங்கள்.

ஓடை:

நான் குளோஜர் (இன்னொரு லிஸ்ப் மொழி) பக்கம், இரண்டே வரி. எங்களிடம் யூசர் என்ற பெயரில் கோப்பு வைத்தால் ரெப்பிள் தொடங்கும்போது தானே லோட் ஆகிவிடும். அதை டெவ் டைரக்டரியில் வைத்துவிட்டால் வெளியே போகும் தொகுப்பில் சேராது. "பிடி" மாதிரியான வேலைக்கு 1.10 பதிப்பிலிருந்து மொழியிலேயே டேப் என்ற வசதி வந்துவிட்டது, மதிப்பை அனுப்பினால் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஃபங்ஷன்கள் எல்லாவற்றுக்கும் போகும். அடைப்புக்குறியின் "பிடி"யில் அப்படி ஒரு கேட்பவர் பட்டியல் வைத்தால் ஒரே அழைப்பில் சேமிக்கவும் அச்சிடவும் முடியும். ஆனால் டேப் மதிப்பைத் திருப்பிக் கொடுக்காது, உண்மை-பொய்தான் தரும். அதனால் எக்ஸ்ப்ரெஷனின் நடுவில் போட முடியாது. அந்த விஷயத்தில் உங்கள் வழிதான் வசதி.

வினைத்தொகை:

எல்லாருக்கும் மிகவும் நன்றி. "காட்டு", "பிடி", "எடு", "விடு" நான்கையும் எழுதிவிட்டேன். மேக்ரோவில் பல மதிப்புகள் விஷயத்தைச் சொல்லியிருக்காவிட்டால் நிச்சயம் ஃபங்ஷனாகத்தான் எழுதியிருப்பேன். நிபந்தனையோடு ட்ரேஸ் போடலாம் என்பது எனக்கு முற்றிலும் புதிது சார், இன்று மாலை முழுவதும் அதில்தான் போனது.

ஒரு விசித்திரமான விஷயம். "காட்டு" கொண்டு டேபிளைப் பார்த்தபோது முதல் பத்து ஜோடிகளில் "கொடு" இரண்டு முறை இருக்கிறது. கீகளை ஒப்பிடும் டெஸ்ட் ஈக்வல்தான். ஒரே கீ எப்படி இரண்டு முறை வரும்? திரையில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இவ்வளவு நாள் இது கண்ணில் படவே இல்லை.

அடைப்புக்குறி:

இது தமிழ்த் தரவில் எல்லாருக்கும் வரும். உங்கள் பெட்டிக்கு ஐந்தாவது கருவி வந்துவிட்டது. ஒரு ஸ்ட்ரிங்கை வாங்கி, ஒவ்வொரு எழுத்துக்கும் சார்-கோட் (எழுத்தின் யூனிகோடு எண்ணைத் தருவது) போட்டு எண்களைப் பட்டியலாகத் தரும் ஃபங்ஷன் எழுதுங்கள். மேப் ஒன்று போதும். இரண்டு "கொடு"வையும் அதில் கொடுத்தால் பெரும்பாலும் இப்படி வரும்:

2965 3018 2975 3009

2965 3014 3006 2975 3009

முதலாவதில் "ஒ" உயிர்க்குறி ஒரே குறியீடாக இருக்கிறது, 3018. இரண்டாவதில் ஒற்றைக் கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. யூனிகோடு இரண்டையும் சமமானவை என்று சொல்கிறது, திரையும் ஒன்றாகவே காட்டும். ஆனால் ஈக்வல் குறியீடுகளை மட்டும் ஒப்பிடும், நாலும் ஐந்தும் சமமாகாது. வெவ்வேறு கீபோர்டுகளில், வெவ்வேறு மாற்றிகள் வழியாக வந்த கோப்புகளைச் சேர்த்தால் இது கட்டாயம் வரும். "ஓ", "ஔ" குறிகளுக்கும் இதே கதை.

எஸ்பிசிஎல்லில் எஸ்பி-யூனிகோட் பேக்கேஜில், ஸ்ட்ரிங்கை ஒரே வடிவமாக்கும் நார்மலைஸ்-ஸ்ட்ரிங் இருக்கிறது. இரண்டாவது ஆர்குமெண்டாக என்எஃப்சி (சேர்த்த வடிவம்) என்று கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அது என்எஃப்டி என்று எடுத்துக்கொண்டு பிரித்த வடிவத்தைத் தரும். கோப்பைப் படிக்கும் இடத்திலேயே, டேபிளில் போடுவதற்கு முன், ஒரு முறை செய்துவிட்டால் போதும். சிம்பல் பெயர்களுக்கு இந்தக் கவலை இல்லை, எஸ்பிசிஎல் ரீடர் சிம்பல்களைப் படிக்கும்போது தானே ஒருமைப்படுத்துகிறது. ஸ்ட்ரிங்குகளை அது தொடாது, நாம்தான் செய்யவேண்டும்.

ஆனால் என்எஃப்சி தீர்க்காத ஒன்று உங்கள் தரவில் நிச்சயம் இருக்கும். "ஔ" குறியின் வலப்பக்கத் துண்டுக்குப் பதிலாக ளகரத்தையே அடிப்பவர்கள் நிறைய. "கௌரவம்" என்பதற்கு "கெளரவம்" என்று இருக்கும். ளகரம் 2995, உண்மையான துண்டு 3031. யூனிகோடு பார்வையில் அவை வேறு வேறு எழுத்துகள், எந்த நார்மலைசேஷனும் இதைத் தொடாது. ஒற்றைக் கொம்புக்குப் பின் ளகரம் வந்தாலே மாற்றிவிடலாம் என்றும் எழுத முடியாது, "கெளுத்தி", "தெளிவு", "தெள்ளிய" எல்லாம் கெட்டுப்போகும். அவற்றில் ளகரத்துக்குப் பின் ஒரு குறியோ புள்ளியோ இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். எனவே 3014, 2995 என்று வந்து அடுத்தது உயிர்க்குறியும் இல்லை, புள்ளியும் இல்லை என்ற சொற்களை மட்டும் பட்டியலிட ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். விடையைத் தானாகத் திருத்தவிடாமல் "பிடி" கொண்டு பிடித்து வைத்து, கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துங்கள். வினைகளில் "வெளவு" என்று எழுதப்பட்ட "வௌவு" முதலில் மாட்டும் என்று நினைக்கிறேன். பட்டியல் வந்ததும் இங்கே போடுங்கள், பெயர்ச்சொற்களுக்கு எனக்கும் அது வேண்டும். எங்கள் வாடிக்கையாளர் பெயர்களில் கௌதம்கள் இரண்டு விதமாகவும் இருக்கிறார்கள்.